டூ வீல் டிரைவ் பிக்கப்பின் முன்பக்கத்தை லெவல் செய்வது: முழுமையான வழிகாட்டி

காலியாக நிற்கும் பிக்கப்பின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயரமாக இருப்பது தயாரிப்புக் குறை அல்ல. பின்னால் பாரம் ஏறியதும் வண்டி சமமாக நிற்கட்டும் என்றுதான் அப்படி வைக்கிறார்கள். பெரும்பாலும் காலியாக ஓட்டுபவர்கள், முன்னால் கொஞ்சம் பெரிய டயர் போட நினைப்பவர்கள், முன் ஸ்பிரிங் அமுங்கிப்போன பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு முன்பக்கத்தை உயர்த்துவதில் பயன் உண்டு. எப்போதும் பாரம் ஏற்றுபவர்களும் டிரெய்லர் இழுப்பவர்களும் இதைச் செய்தால், பாரம் ஏறியதும் வண்டி வானத்தைப் பார்த்து நிற்கும்.

பின்சக்கரங்களை மட்டும் இயக்கும் டூ வீல் டிரைவில் முன்னால் டிஃபரென்ஷியலோ ஆக்சில் ஷாஃப்டோ கிடையாது. ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகளில் பாதி இங்கே தேவைப்படாது. ஆனால் பாகங்கள் மாறுபடும். புதியவர்கள் தடுமாறும் இடங்கள் முக்கியமாக இரண்டு: அளக்காமல் ஸ்பேசர் (உயரத்தைக் கூட்ட இடையில் வைக்கும் துண்டு) வாங்குவது, சக்கரம் தொங்கும்போதே ரப்பர் புஷ் போல்ட்டுகளை இறுக்கிவிடுவது. ஸ்பேசரை மாட்டுவது இவ்விரண்டுக்கும் நடுவே வரும் சுலபமான பகுதிதான்.

1. எந்த வகை சஸ்பென்ஷன் என்று முதலில் பாருங்கள்

முன் சக்கரத்தை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

ஷாக் அப்சார்பரைச் சுற்றியே காயில் ஸ்பிரிங் இருந்து, அதன் மேல்முனை மூன்று நட்டுகளால் சேஸிஸில் மாட்டப்பட்டிருந்தால் அது ஸ்ட்ரட் வகை. இன்று ஓடும் வண்டிகளில் இதுவே அதிகம். சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் இரண்டு ஆர்ம்களில் கீழே உள்ளதற்கும் (லோயர் ஆர்ம்; மேலே உள்ளது அப்பர் ஆர்ம்) சேஸிஸுக்கும் நடுவே காயில் தனியாக உட்கார்ந்து, ஷாக் அதன் நடுவிலோ பக்கத்திலோ தனியாகப் போனால் அது தனிக் காயில் வகை. காயிலே இல்லாமல், ஆர்மிலிருந்து பின்பக்கமாக சேஸிஸை ஒட்டி நீளமான இரும்புத் தண்டு ஓடினால் அது டார்ஷன் பார். ஃபோர்டின் பழைய டூ வீல் டிரைவ் வண்டிகளில் இடமும் வலமும் குறுக்கே கடக்கும் இரண்டு கனமான பீம்கள் இருக்கும். அவற்றில் சும்மா ஸ்பேசர் வைத்தால் சக்கரத்தின் மேற்பகுதி வெளியே சாய்ந்துவிடும். கேம்பரை, அதாவது அந்தச் சாய்வை, சரிசெய்யும் புஷ்ஷும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதால் அந்த வகையை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

பெயரையும் ஆண்டையும் மட்டும் பார்த்து கிட் வாங்காதீர்கள். 1999 முதல் 2006 வரையான செவ்ரலே சில்வராடோ 1500-இல் டூ வீல் டிரைவுக்குக் காயில், ஃபோர் வீல் டிரைவுக்கு டார்ஷன் பார். 1997 முதல் 2003 வரையான ஃபோர்டு எஃப்-150-யும் அப்படியே. ஒன்றுக்கான கிட் மற்றதில் உட்காராது. நேர்மாறாக, டொயோட்டா டகோமா பிரீரன்னர் டூ வீல் டிரைவாக இருந்தாலும் ஃபோர் வீல் டிரைவின் உயரத்தோடு வந்த வண்டி. ஆகவே வாங்கும் முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

2. அளவெடுப்பது

சமதளத்தில் நிறுத்துங்கள். டயர்களில் கதவோரத்து ஸ்டிக்கரில் சொன்ன காற்றழுத்தம் இருக்கட்டும். பின்தொட்டி காலியாக இருக்கட்டும். எப்போதும் பெட்டியோ மூடியோ அங்கேயே இருக்கும் என்றால் அதுவும் இருக்கட்டும். அளக்கும் முன் வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு அளந்தால் டயர்கள் உள்வாங்கியபடி நிற்கும். உண்மையைவிட அதிக உயரம் காட்டும்.

நான்கு சக்கரங்களிலும் ஹப்பின் மையத்திலிருந்து நேர்மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும்.

இந்த அளவு இடதையும் வலதையும் ஒப்பிடவும், முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று பார்க்கவும் மட்டுமே. முன் மட்கார்டு அளவையும் பின் மட்கார்டு அளவையும் கழித்து "இவ்வளவு சாய்வு" என்று முடிவுகட்டாதீர்கள். பல வண்டிகளில் முன் வளைவும் பின் வளைவும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருக்காது. சாய்வை சேஸிஸின் நீள ரெயிலில் டிஜிட்டல் கோணமானி வைத்துப் பாருங்கள். ரெயில் வளையும் இடத்தைத் தவிர்த்து, கதவுகளுக்கு நேர்கீழே உள்ள நேரான பகுதியில் வையுங்கள். தரையின் கோணத்தையும் எடுத்துக் கழித்துவிடுங்கள்.

சக்கரங்களுக்கு இடையே 3200 மி.மீ. உள்ள வண்டியில் 1 டிகிரி சாய்வு என்பது சுமார் 56 மி.மீ. உயர வித்தியாசம். உங்கள் வண்டியின் வீல்பேஸ் வேறாக இருந்தால் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

இடது வலது வித்தியாசம் 5, 6 மி.மீ. இருப்பது சகஜம். 12 மி.மீ.க்கு மேல் போனால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, அமுங்கியிருக்கிறதா, பின் பட்டை ஸ்பிரிங்கில் கோளாறா என்று தேடுங்கள். உடைந்த ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் வைத்து உயரத்தைச் சமன்செய்வது நோயை மறைப்பது.

3. எவ்வளவு உயர்த்தலாம்

சாய்வு முழுவதையும் எடுக்காதீர்கள். 56 மி.மீ. இருந்தால் 35 முதல் 40 மி.மீ. போதும். மிச்சமிருக்கும் 15, 20 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது, பின்னால் இரண்டு பேர் சாமானோடு ஏறினாலும் வண்டி மூக்கைத் தூக்காது.

பெரும்பாலான ஸ்ட்ரட் வகை வண்டிகளில், சக்கரத்தில் 50 மி.மீ. உயர்வு வரை பழைய அப்பர் ஆர்ம் தாங்கும். அதைத் தாண்டினால், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது மேல் பால் ஜாயின்ட் (ஆர்மின் நுனியில் உள்ள உருண்டை மூட்டு) தன் எல்லைக்கே போய்விடும். அப்பர் ஆர்ம் காயிலில் உரசவும் தொடங்கும். 75 மி.மீ. கிட்டை வாங்கிவிட்டு அப்பர் ஆர்முக்குத் தனியாகச் செலவழிப்பதைவிட 40 மி.மீ.யோடு நிற்பது புத்திசாலித்தனம்.

தனிக் காயில் உள்ள சில டூ வீல் டிரைவ் வண்டிகளுக்கு ஹப்பின் இடத்தை மாற்றியமைத்த நக்கிள் (ஹப்பைத் தாங்கி, ஆர்ம்களோடு இணையும் பாகம்) கிடைக்கும். ஆர்ம்களின் கோணம் மாறாமலே முன்பக்கம் உயரும் என்பதால் சுத்தமான வழி இதுதான். ஆனால் பழைய ரிம் அதில் இடிக்குமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

4. ஸ்பேசரின் தடிமனும் சக்கரத்தின் உயர்வும் ஒன்றல்ல

ஸ்ட்ரட்டின் கீழ்முனை லோயர் ஆர்மின் நடுப்பகுதியில் மாட்டியிருக்கிறது; சக்கரமோ ஆர்மின் நுனியில். அதனால் ஸ்ட்ரட் கொஞ்சம் இறங்கினாலும் சக்கரம் அதிகம் இறங்கும். ஆர்மின் உள்முனை போல்ட்டிலிருந்து ஸ்ட்ரட் போல்ட் வரை 250 மி.மீ., பால் ஜாயின்ட் வரை 420 மி.மீ. என்றால் விகிதம் சுமார் 0.6. 25 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் முன்பக்கம் 42 மி.மீ. அளவுக்கு உயரும். ஸ்ட்ரட் சாய்ந்து நிற்பதால் உண்மையில் இன்னும் சற்றுக் கூடலாம்.

"2 அங்குல கிட்" என்று விற்கும் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது 1 அங்குலத்தைவிடச் சற்றே தடிமனான துண்டாக இருக்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குபவர்கள் உண்டு. உயர்வு 4 அங்குலத்தைத் தொட்டு, பால் ஜாயின்ட் கழன்று வரும் நிலைக்குப் போய்விடும். ஸ்பேசர்களை ஒருபோதும் அடுக்காதீர்கள்.

5. மேல் ஸ்பேசரா, ஸ்பிரிங் ஸ்பேசரா

மேல் ஸ்பேசர் ஸ்ட்ரட்டின் தலைக்கும் சேஸிஸுக்கும் நடுவே வரும். ஸ்ட்ரட்டைப் பிரிக்க வேண்டாம். ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். முக்கியமான குறை: சக்கரம் முன்பைவிடக் கூடுதலாகக் கீழே தொங்கும். மேலே சொன்ன 50 மி.மீ. எல்லை இதனால்தான்.

ஸ்பிரிங் ஸ்பேசர் ஸ்ட்ரட்டுக்குள் காயிலின் மேல் வரும். இது காயிலைக் கடினமாக்கும் என்று பலர் நம்புகிறார்கள். காயிலின் விறைப்பு மாறுவதில்லை. ஷாக் எப்போதும் நீண்ட நிலையிலேயே நிற்பதால் கீழே இறங்க இடம் குறைகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு "டக்" என்று அடிக்கும். அந்த அடியைத்தான் விறைப்பு என்று எண்ணிக்கொள்கிறார்கள். இதைப் போட ஸ்பிரிங் கம்ப்ரெஸர் வேண்டும். அந்தக் கருவியில் பழக்கமில்லாதவர் வீட்டில் செய்யும் வேலை அல்ல இது. ஆகவே கீழே வரும் படிகள் மேல் ஸ்பேசருக்கானவை.

6. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது 2 டன் தாங்கும் டிராலி ஜாக்கி, கூடவே சின்ன ஜாக்கி ஒன்று. இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள், பின் சக்கரங்களுக்கு நான்கு அடைக்கட்டைகள். 13 முதல் 24 மி.மீ. வரை சாக்கெட்டும் ஸ்பானரும், நீளக் கைப்பிடி, டார்க் ரெஞ்ச், கனமான சுத்தியல், நெம்புகோல், கம்பிப் பிரஷ், கட்டுக்கம்பி, பெயின்ட் மார்க்கர். வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள இறுக்க அளவுகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரட்டின் மேல் நட்டுகளுக்கும் லோயர் ஆர்ம் போல்ட்டுகளுக்கும் இறுக்கத்தில் பல மடங்கு வித்தியாசம் உண்டு. கைக்கணக்கு இங்கே உதவாது.

கழற்ற வேண்டிய நைலான் வளைய நட்டுகளுக்கும் கொட்டர் பின்களுக்கும் (நட்டு கழலாமல் பூட்டும் பிளவு ஊசிகள்) புதியவற்றை வாங்கி வையுங்கள். அவை ஒருமுறைக்கு மட்டும்.

துரு ஏறிய வண்டி என்றால் முதல் நாள் இரவே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். ஸ்ட்ரட்டின் மேல் ஸ்டட்கள் மெல்லியவை. வறண்ட துருவோடு திருகினால் நட்டோடு ஸ்டட்டும் உடைந்து வரும். பிறகு மேல் மவுண்ட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

7. தூக்கி நிறுத்துவது

ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைக்கட்டை வையுங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பூட்டாமல் விடுங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்துங்கள்.

முன் குறுக்கு மெம்பரில் ஜாக்கி வைத்து இரு பக்கத்தையும் சேர்த்துத் தூக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்வே பார் (இடது வலது ஆர்ம்களை இணைக்கும் குறுக்குத் தண்டு) முறுக்கிக்கொண்டு, எந்த போல்ட்டும் இலகுவாக வராது. ஸ்டாண்டுகள் லோயர் ஆர்மின் கீழ் அல்ல, முன் சக்கரங்களுக்குப் பின்னால் சேஸிஸ் ரெயிலின் கீழ். இறக்கியபின் வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். கழற்றிய சக்கரங்களைப் படுக்கவைத்து ரெயிலின் கீழ் தள்ளிவிடுங்கள். ஸ்டாண்டு சறுக்கினாலும் வண்டி அவற்றின் மேல்தான் விழும்.

8. கழற்றும் வரிசை

இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் வருபவை உடையக்கூடியவை. கடைசியில் வருபவை பளு தாங்குபவை.

முதலில் ஏபிஎஸ் சென்சார் வயரின் கிளிப்புகளையும் பிரேக் ஹோஸின் பிராக்கெட்டையும் நக்கிளிலிருந்தும் ஆர்மிலிருந்தும் விடுவியுங்கள். நக்கிள் இறங்கும்போது முதலில் இழுபடுபவை இவைதான். வெளியே பார்க்க வயர் நன்றாகவே இருக்கும். உள்ளே அறுந்திருப்பது டாஷ்போர்டில் விளக்கு எரியும்போதுதான் தெரியவரும்.

அடுத்து ஸ்வே பார் லிங்க். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தாலும் இரு பக்க லிங்க்கையும் கழற்றுங்கள்.

இப்போது லோயர் ஆர்மின் கீழ், பால் ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில், சின்ன ஜாக்கியைத் தொடும் அளவுக்கு வையுங்கள். ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டை அல்லது போல்ட்டுகளைக் கழற்றுங்கள். மேல் மூன்று நட்டுகளில் இரண்டைக் கழற்றி, மூன்றாவதைச் சில புரி விட்டு வையுங்கள்; இல்லாவிட்டால் ஸ்ட்ரட் உங்கள் கைமேல் இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. மேலே மூன்று சின்ன நட்டுகளுக்கு நடுவே பெரிய நட்டு ஒன்று தெரியும். அதைத் தொடவே கூடாது. அமுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு நட்டுதான். அதைக் கழற்றினால் ஸ்பிரிங் வெடித்துக் கிளம்பும், உயிருக்கே ஆபத்து. வேலையைத் தொடங்கும் முன் அதன்மேல் மார்க்கரால் சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள்.

ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள். பல டூ வீல் டிரைவ் வண்டிகளில் ஆக்சில் ஷாஃப்ட் இல்லாததால், லோயர் ஆர்மை நெம்புகோலால் கீழே அழுத்தினாலே ஸ்ட்ரட் வெளியே வந்துவிடும். முதலில் அப்படி முயலுங்கள். வராவிட்டால் மட்டும் அப்பர் பால் ஜாயின்ட்டைப் பிரிக்கலாம். அதன் நட்டை முழுதாக எடுக்காமல் மூன்று நான்கு புரி விட்டு, நக்கிளில் ஜாயின்ட் நுழையும் காதின் பக்கவாட்டில் சுத்தியலால் அடியுங்கள். "டப்" என்று விடுபடும். நட்டு இருப்பதால் ஆர்ம் எகிறாது. கவை போன்ற ஆப்புக் கருவியை இடையில் செருகி அடித்தால் ரப்பர் உறை கிழியும். கிழிந்த உறையோடு மாட்டினால் மண் உள்ளே போய், பால் ஜாயின்ட் சில மாதங்களில் ஆடத் தொடங்கும்.

பிரித்தபின் நக்கிளைக் கட்டுக்கம்பியால் சேஸிஸில் கட்டுங்கள். பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள்.

9. ஸ்பேசரை மாட்டுவது

ஸ்ட்ரட்டை வெளியே எடுத்ததும், வண்டியின் வெளிப்பக்கம் பார்க்கும் ஸ்டட்டில் மார்க்கரால் குறி போடுங்கள். மூன்று ஸ்டட்களும் சம இடைவெளியில் இருப்பதாகத் தோன்றினாலும், மேல் மவுண்ட்டுக்கும் கீழ் புஷ்ஷுக்கும் உள்ள கோண உறவு குறிப்பிட்டது. 120 டிகிரி மாற்றி மாட்டினால் கீழ் போல்ட் ஓட்டைக்கு நேராக வராது. அதை நெம்பி இழுத்து மாட்டுபவர்கள் புஷ்ஷைத் திருகிவிடுகிறார்கள்.

தொடும் பரப்புகளைக் கம்பிப் பிரஷால் தேயுங்கள். துருச் செதில் ஒன்று இடையில் இருந்தாலும், சில நூறு கிலோமீட்டரில் அது நொறுங்கி நட்டு தளரும்.

ஸ்ட்ரட்டின் பழைய ஸ்டட்கள் ஸ்பேசரின் ஒரு தொகுதி ஓட்டைகளில் நுழையும்; ஸ்பேசரின் புதிய ஸ்டட்கள் சேஸிஸின் ஓட்டைகளில் நுழையும். பழைய ஸ்டட் ஸ்பேசரைத் தாண்டி நீட்டினால், சேஸிஸில் முட்டும் அளவு எவ்வளவு என்று பார்த்து, கிட்டின் குறிப்பு அனுமதித்தால் மட்டும் வெட்டுங்கள். சில ஸ்பேசர்கள் ஒரு பக்கம் தடிமனாக, சாய்வாக இருக்கும். தடிமன் பக்கம் எங்கே வர வேண்டும் என்பது இடதுக்கும் வலதுக்கும் கண்ணாடிப் பிம்பமாக மாறும். இரண்டையும் தரையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துவிட்டே மாட்டுங்கள்.

ஓட்டுநர் பக்கம் முன்பே தாழ்ந்திருந்தால், அந்தப் பக்கத்துக்கு 3 மி.மீ. தடிமன் கூடுதலாக உள்ள ஸ்பேசர் சில கிட்களில் கிடைக்கும். விகிதம் 0.6 என்றால் அது சக்கரத்தில் 5 மி.மீ. கொடுக்கும்.

10. திரும்ப மாட்டுவது

மேல் நட்டுகள் மூன்றையும் விரலால் போட்டு, கீழே ஸ்ட்ரட்டை லோயர் ஆர்மில் இறக்குங்கள். இப்போது ஸ்ட்ரட் தாழ்ந்து நிற்பதால் ஆர்ம் முன்பைவிட அதிகம் இறங்க வேண்டும். நெம்புகோலும் இன்னொரு ஆளும் இருந்தால் இலகு. போல்ட் ஓட்டை சில மி.மீ. தள்ளி நின்றால், சின்ன ஜாக்கியால் ஆர்மைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பொருத்துங்கள். போல்ட்டைச் சுத்தியலால் அடித்து நுழைக்காதீர்கள், புரி நசுங்கும்.

மேல் நட்டுகளை இப்போதே முழு அளவுக்கு இறுக்கலாம். அவை புஷ்ஷில் சுழல்பவை அல்ல. பால் ஜாயின்ட்டைப் பிரித்திருந்தால் புதிய நட்டுப் போட்டு அளவுக்கு இறுக்குங்கள். கோட்டை நட்டு (மேலே பள்ளங்கள் வெட்டியது) என்றால், கொட்டர் பின் ஓட்டை நேராக வராதபோது இன்னும் கொஞ்சம் இறுக்கியே நேராக்க வேண்டும். பின்னால் தளர்த்தி நேராக்குவது தவறு.

வயர், ஹோஸ் பிராக்கெட்டுகளை மாட்டுங்கள். ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டையும் ஸ்வே பார் லிங்க்கையும் இறுக்கிவிடாமல், கையால் போட்டபடியே விடுங்கள்.

11. பாரத்தில் இறுக்குவது

அதிகம் பேர் தவிர்க்கும் படி இது. கிறீச் சத்தம் வந்து ஸ்பேசர்மேல் பழி விழுவதும் இதனால்தான்.

ஆர்ம் புஷ்கள் பெரும்பாலும் உள் இரும்புக் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்ளும். அதன்பின் ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுக்கப்படும். சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், நிற்கும் நிலையிலேயே ரப்பர் பாதி முறுக்கில் இருக்கும். சில மாதங்களில் கிழிந்துவிடும்; அதற்கு முன்பே வண்டி எதிர்பார்த்ததைவிட உயரமாக நின்று, பிறகு மெல்ல இறங்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். உங்கள் பழைய ஹப் அளவு 500 மி.மீ., இலக்கு 40 மி.மீ. உயர்வு என்றால், நிற்கும் நிலையில் 540 வர வேண்டும். சின்ன ஜாக்கியை லோயர் ஆர்மின் கீழ், பால் ஜாயின்ட்டின் அருகே வைத்து, ஹப்புக்கும் மட்கார்டுக்கும் நடுவே 540 வரும்வரை உயர்த்துங்கள். அந்த நிலையில் ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டை அளவுக்கு இறுக்குங்கள். லோயர், அப்பர் ஆர்மின் உள்முனை போல்ட்டுகளை நீங்கள் கழற்றாவிட்டாலும், ஒருமுறை தளர்த்தி இதே நிலையில் இறுக்குவது நல்லது. பழைய உயரத்துக்குப் பூட்டப்பட்டிருந்த ரப்பர் புதிய உயரத்துக்கு ஓய்வாகும். கேம்பர் சரிசெய்யும் முட்டை வடிவ வாஷர் அங்கே இருந்தால், தளர்த்தும் முன் அதன் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கி ஆர்மை உயர்த்தும்போது வண்டி ஸ்டாண்டிலிருந்தே எழும்பப் பார்த்தால் நிறுத்திவிடுங்கள். சக்கரங்களை மாட்டி, வண்டியைச் சரிவுப் பலகைமேல் ஏற்றி, கீழே படுத்து இறுக்குங்கள். ஸ்வே பார் லிங்க்கை இரு பக்கமும் சம உயரத்தில் இருக்கும்போது, கடைசியாக.

12. காயில் தனியாக இருந்தால்

ஸ்பேசர் காயிலின் மேல்முனைக்கும் சேஸிஸின் குழிக்கும் நடுவே வரும். காயில் ஸ்ட்ரட்டைவிட உள்ளே தள்ளி இருப்பதால் விகிதம் 0.5-க்கு அருகில், 20 மி.மீ. ஸ்பேசருக்கு 40 மி.மீ. உயர்வு வரும்.

இங்கே ஆபத்து அதிகம். ஸ்ட்ரட்டில் நடு நட்டு காயிலைப் பூட்டி வைத்திருக்கும். இங்கே லோயர் ஆர்மே பூட்டு. டிராலி ஜாக்கியை ஆர்மின் கீழ் வைத்து, காயிலின் வழியாகவும் சேஸிஸின் வழியாகவும் ஒரு சங்கிலியைத் தளர்வாகச் சுற்றி மாட்டிய பிறகே ஷாக்கையும் லோயர் பால் ஜாயின்ட்டையும் விடுவியுங்கள். ஜாக்கியை அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். காயில் ஆடும் அளவுக்குத் தளர்ந்தபின் கை வையுங்கள். காயிலுக்கு நேர்முன்னால் உட்காராமல் பக்கவாட்டில் இருங்கள்.

திரும்ப வைக்கும்போது காயிலின் கீழ் நுனி ஆர்மின் குழியில் உள்ள நிறுத்தத்தில் போய் முட்ட வேண்டும். நுனி விலகி நின்றால் இரு பக்க உயரமும் மாறும். ஷாக்கையும் கவனியுங்கள். பழைய ஷாக் முழுதாக நீண்டுவிட்டால் சக்கரம் தொங்குவதை அதுவே தடுத்து, பள்ளத்தில் அடி வாங்கும். நீளமான ஷாக் அல்லது கிட்டோடு வரும் நீட்டிப்பு வேண்டும்.

13. டார்ஷன் பார் என்றால்

வாங்க வேண்டியது எதுவுமில்லை. தண்டின் பின்முனையில் ஒரு நெம்பு, அதைத் தள்ளும் சரிசெய்யும் போல்ட் ஒன்று இரு பக்கமும் இருக்கும். போல்ட்டின் வெளியே தெரியும் நீளத்தை அளந்து எழுதுங்கள். முன்பக்கத்தைத் தூக்கிப் பளுவை எடுத்துவிட்டு, புரியில் கிரீஸ் பூசி, இரு பக்கமும் இரண்டிரண்டு சுற்றாக இறுக்குங்கள். இறக்கி, உருட்டி, அளவெடுங்கள். பளு இருக்கும்போதே திருகினால் புரி வழுகும்.

25 முதல் 35 மி.மீ. வரை நன்றாக இருக்கும். அப்பர் ஆர்ம் கீழே இறங்கும்போது முட்டும் ரப்பர் நிறுத்தத்தைப் பாருங்கள். வண்டி நிற்கும் நிலையில் அதற்கும் ஆர்முக்கும் முன்பு இருந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவாகிவிட்டால், அளவுக்கு மீறிவிட்டீர்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் இறங்கும்போது அடிக்கும்.

14. தரையில் இறக்கும் முன்னும் பின்னும்

சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். பிரேக் ஹோஸ் எங்கும் விறைத்து நிற்கக் கூடாது. ஏபிஎஸ் வயர் சுருளோடு இருக்க வேண்டும். அப்பர் ஆர்முக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும்.

இறக்கியபின் அதேபோல் திருப்பி, டயர் எங்கே உரசுகிறது என்று பாருங்கள். முன்பக்கம் உயர்ந்ததால் டயர் மேலே இடிக்காது. ஆனால் திருப்பும்போது டயரின் பின்விளிம்பு மட்கார்டின் உட்புறத்தில் தொடுவது உயரத்தால் தீராது. 40 மி.மீ. உயர்த்தினேன், இரண்டு அளவு பெரிய டயர் போகும் என்று கணக்குப் போடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

15. அலைன்மென்ட்டும் முகப்பு விளக்கும்

உயரம் மாறினால் கேம்பர், காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மூன்றும் மாறும். அதிகம் மாறுவதும் டயரைச் சீக்கிரம் தின்பதும் டோ. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் மேல்கீழாகச் சாய்வதால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பிவிடும். எந்தப் பக்கம் என்பது ஸ்டியரிங் ராக் ஹப்புக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதனால் அலைன்மென்ட் செய்யும் இடத்துக்கு நேராக, மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள்.

வேலை முடிந்த கையோடும் போகாதீர்கள். சில தெருக்கள் சுற்றி, வேகத்தடைகளில் ஏறி இறங்கி சஸ்பென்ஷன் அமர்ந்த பிறகு ஹப் அளவை மீண்டும் எடுங்கள். இடது வலது வித்தியாசம் திருப்தியாக இருந்தால் மட்டும் அலைன்மென்ட். பிறகு உயரத்தை மாற்றினால் அந்தச் செலவு வீண். காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ என்ற வரிசையில் செய்யச் சொல்லுங்கள். முன்னது இரண்டையும் மாற்றினால் டோ மாறும். காஸ்டர் குறைந்துவிட்டால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராமல் அலையும். அச்சடித்த அறிக்கையில் அந்த எண் குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

முகப்பு விளக்கை மறந்துவிடுவார்கள். 3200 மி.மீ. வீல்பேஸில் முன்பக்கம் 40 மி.மீ. உயர்ந்தால், 10 மீட்டர் தொலைவில் ஒளிக்கற்றை சாய்வினால் மட்டும் 12.5 செ.மீ. மேலே போகும், விளக்கே உயர்ந்தது தனி. எதிரே வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும். வேலைக்கு முன் ஒரு சுவரில் ஒளியின் மேல்விளிம்பைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். முடிந்தபின் அதே இடத்தில் நிறுத்தி, விளக்கு உயர்ந்த அளவு மட்டும் குறிக்கு மேலே விளிம்பு வரும்படி திருகுங்கள். முன்கண்ணாடியில் கேமராவோ முகப்பில் ரேடாரோ உள்ள வண்டி என்றால் அவற்றின் அளவுத்திருத்தமும் தேவைப்படும்.

16. பிறகு வரும் சத்தங்கள்

100 கி.மீ. ஓடியபின் எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், 800 கி.மீ.யில் இன்னொரு முறை. சக்கர நட்டுகளும் இதில் அடங்கும்.

மெதுவான வேகத்தில் சின்ன மேடுகளில் "கடகட" என்றால் ஸ்வே பார் லிங்க் தளர்வு. ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் திருப்பும்போது மேலே "கிளிங்" என்றால் ஸ்ட்ரட்டின் மேல் நட்டு, அல்லது ஸ்பேசருக்கு இடையே சிக்கிய துரு. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் ஒரே அடி என்றால் ஷாக் முழுதாக நீள்கிறது, அல்லது அப்பர் ஆர்ம் காயிலைத் தொடுகிறது. காயிலின் பெயின்ட் ஒரே இடத்தில் வெள்ளையாகச் சுரண்டியிருந்தால் இரண்டாவதுதான். மெல்லிய ஸ்பேசருக்கு மாறுங்கள். பிரேக் பிடிக்கும்போது ஒரு "டொக்" வந்தால், லோயர் ஆர்ம் போல்ட்டை யாரோ விரலால் போட்டதோடு விட்டிருக்கிறார்கள். அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு 11-ஆம் படிக்குப் போங்கள்.